பெயர் ஒன்று, பொருள் வேறு: கெர்னலின் சிம்பல் அட்டவணையும் பின்னோக்கிய இணக்கமும்

சி மொழியில் எழுதிய ஒரு மூலக்கோப்பைக் கம்பைலரிடம் கொடுத்தால், இயந்திரக் கட்டளைகள் அடங்கிய இடைநிலைக் கோப்பு ஒன்று கிடைக்கிறது. அந்தக் கோப்பில் கட்டளைகளோடு ஓர் அட்டவணையும் சேர்ந்தே வருகிறது. தன்னிடம் இருக்கும் செயற்கூறுகள், மாறிகள் எவை, வேறு கோப்புகளிலிருந்து தான் எதிர்பார்ப்பவை எவை என்ற இரண்டு விவரங்களும் அதில் பெயர் பெயராகப் பதிவாகியிருக்கும். அந்தப் பெயர்களைத்தான் சிம்பல் என்கிறோம். அவற்றின் தொகுப்பு சிம்பல் அட்டவணை. லினக்ஸில் என்எம் என்னும் கட்டளையை ஓர் இடைநிலைக் கோப்பின் மேல் இயக்கிப் பார்த்தால் இந்த அட்டவணை அப்படியே திரையில் வரும். முகவரி குறிக்கப்பட்ட பெயர்கள் அந்தக் கோப்பிலேயே உள்ளவை. முகவரி இல்லாமல் யு என்ற எழுத்தை மட்டும் தாங்கி நிற்பவை இன்னும் உரிமையாளர் கிடைக்காத பெயர்கள். இப்படிப்பட்ட பல கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து, கேட்கப்பட்ட ஒவ்வொரு பெயருக்கும் உரிய முகவரியைக் கண்டுபிடித்து, அழைப்பு நிகழும் இடத்தில் அந்த முகவரியை எழுதி முடிப்பது லிங்கரின் வேலை.

வெளி நூலகம் எதையும் நம்பாத ஒரு சாதாரண நிரலுக்கு, லிங்கர் வேலையை முடித்தபின் பெயர்களால் பயன் இல்லை. ஸ்ட்ரிப் கட்டளையால் அட்டவணையை நீக்கிவிட்டாலும் நிரல் முன்போலவே ஓடும், ஏனெனில் செயலிக்குத் தெரிந்தவை முகவரிகள் மட்டுமே. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு இந்த வசதி இல்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வன்பொருளை இயக்கும் புதிய டிரைவர்கள், மாட்யூல்கள் எனப்படும் தனித் துண்டுகளாக வந்து அதனுடன் இணைகின்றன. அப்போது பெயர்களுக்கு முகவரி சொல்ல யாராவது இருக்க வேண்டும். லினக்ஸின் 2.4 வரிசை வரையில் இந்த இணைப்பு வேலையைக் கெர்னலுக்கு வெளியே இருந்த இன்ஸ்மாட் நிரல் செய்துவந்தது. 2.6 வரிசையிலிருந்து கெர்னலே தனக்குள் ஒரு சிறு லிங்கரை வைத்துக்கொண்டு அதைச் செய்கிறது. ஆகவே லினக்ஸ் கெர்னலைப் பொறுத்தவரை இணைப்பு என்பது கட்டமைக்கும் நேரத்தோடு முடிந்துவிடுவதில்லை. வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு கம்பைலர்களால் உருவாக்கிய துண்டுகள் பெயரை மட்டும் நம்பி ஒன்று சேர்கின்றன. பழைய துண்டுகள் புதிய பதிப்பிலும் ஓட வேண்டும் என்ற பின்னோக்கிய இணக்கம் பற்றிய எல்லாச் சிக்கல்களும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஒரே கெர்னலில் இரண்டு அட்டவணைகள்

தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. லினக்ஸ் கெர்னலில் சிம்பல் அட்டவணை என்று சொல்லத்தக்கவை இரண்டு உள்ளன. இரண்டின் நோக்கமும் வேறு.

முதலாவது, கால்சிம்ஸ் எனப்படும் முழு அட்டவணை. கெர்னலின் செயற்கூறுகள் ஏறத்தாழ அனைத்தின் பெயர்களும் முகவரிகளும் அதில் இருக்கும். ப்ராக் அடைவில் உள்ள கால்சிம்ஸ் கோப்பைத் திறந்தால் அதைப் படிக்கலாம். கெர்னல் செயலிழக்கும்போது வெறும் பதினாறடிமான எண்களுக்குப் பதிலாகச் செயற்கூறுகளின் பெயர்கள் வரிசையாக அச்சாவதும், தடமறியும் கருவிகள் ஒரு செயற்கூறைப் பெயர் சொல்லித் தேடிப் பிடிப்பதும் இந்த அட்டவணையால்தான். கெர்னலைக் கட்டமைக்கும்போது சிஸ்டம்.மேப் என்ற கோப்பும் உருவாகிறது. அதிலும் இதே பெயர்கள் உண்டு. ஆனால் இன்றைய கெர்னல்கள் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தம்மை நினைவகத்தில் வேறு வேறு இடங்களில் அமர்த்திக்கொள்வதால், சிஸ்டம்.மேப் காட்டும் முகவரியும் ஓடும் கெர்னலின் முகவரியும் ஒத்துப்போகா. சாதாரணப் பயனர் கால்சிம்ஸ் கோப்பைத் திறந்தால் முகவரிகள் எல்லாம் சுழியங்களாகத் தெரிவதும் வழக்கம். கெர்னலின் இருப்பிடம் தெரிந்துவிட்டால் அதைத் தாக்குவது எளிதாகிவிடும் என்பதால் வேண்டுமென்றே அவ்வாறு மறைக்கிறார்கள்.

இரண்டாவது அட்டவணை இதைவிட மிகச் சிறியது. நம் பேச்சுக்கு முக்கியமானதும் அதுவே. கெர்னலில் ஒரு செயற்கூறு இருக்கிறது என்பதாலேயே ஒரு மாட்யூல் அதை அழைத்துவிட முடியாது. அதை எழுதியவர், எக்ஸ்போர்ட் சிம்பல் என்ற மேக்ரோவை அதன் கீழே எழுதி, அந்தப் பெயரை வெளியே காட்டலாம் என்று அனுமதித்திருக்க வேண்டும். அப்படி அனுமதிக்கப்பட்ட பெயர்கள் கெர்னல் கோப்பில் தனிப் பகுதியாகச் சேகரிக்கப்படுகின்றன. ஒரு மாட்யூல் உள்ளே வரும்போது, அது கேட்கும் பெயர்களை இந்தத் தொகுப்பிலும், ஏற்கெனவே ஏறியிருக்கும் மற்ற மாட்யூல்கள் வெளியிட்ட பெயர்களிலும் மட்டுமே கெர்னல் தேடும். இதே மேக்ரோவுக்கு ஜிபிஎல் என்ற பின்னொட்டுடன் இன்னொரு வடிவமும் உண்டு. அதன்வழி வெளியிடப்பட்ட பெயர்களை, ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்துக்கு இணக்கமானவை என்று தம்மை அறிவித்துக்கொண்ட மாட்யூல்கள் மட்டுமே பயன்படுத்தலாம்.

ஏற்றுமதி செய்வது ஒரு வரி வேலை. அதைத் திரும்பப் பெறுவதுதான் கடினம். யாரோ ஒருவர் அந்தப் பெயரைச் சார்ந்து ஒரு டிரைவரை எழுதிவிட்டால், அடுத்த மாற்றத்தின்போது அவருடைய நிரலும் உடைபடும். எனவே எதை வெளியிடுகிறோம் என்பதில் கெர்னல் பராமரிப்பாளர்கள் ஆண்டுக்கு ஆண்டு கண்டிப்பு கூடியவர்களாகவே ஆகியிருக்கிறார்கள். பயனர் நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளான சிஸ்டம் கால்களின் அட்டவணை முகவரி ஒரு காலத்தில் மாட்யூல்களுக்குத் திறந்திருந்தது, 2.6 வரிசை வெளிவந்தபோது அது மூடப்பட்டிருந்தது. ஏற்றுமதி ஆகாத பெயரின் முகவரியையும் முழு அட்டவணையிலிருந்து தேடித் தரக்கூடிய ஒரு செயற்கூறு நெடுங்காலம் மாட்யூல்களுக்குக் கிடைத்துவந்தது. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைத்ததற்கு ஒப்பான அந்த வழி 2020இல் வெளியான 5.7 பதிப்பில் அடைபட்டது. அதற்கு முன்பே, 2019இன் 5.4 பதிப்பில், ஏற்றுமதியாகும் பெயர்களைக் குழுக்களாகப் பிரிக்கும் வசதி வந்துவிட்டது. ஒரு குழுவின் பெயர்களைப் பயன்படுத்தும் மாட்யூல் அந்தக் குழுவை இறக்குமதி செய்வதாக வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். பொதுவான அமைப்பில், அறிவிக்காத மாட்யூல் ஏற்றப்படாது.

பெயர் காணாமல் போவது சிறிய தொல்லை

ஒரு மாட்யூல் கேட்கும் பெயர் கெர்னலில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கெர்னல் அறியாத சிம்பல் என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, மாட்யூலை ஏற்ற மறுத்துவிடும். எரிச்சலான விஷயந்தான், ஆனாலும் எந்தத் தரவும் கெடவில்லை, எந்தப் பெயர் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. இந்த வகைப் பிழையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது, பெயர் அப்படியே இருந்து அதன் பின்னால் இருப்பது மாறிவிடும் நிலையை. ஒரு நெட்வொர்க் டிரைவரைக் கற்பனை செய்துகொள்வோம். பல உறுப்புகள் அடுத்தடுத்து வைக்கப்பட்ட தரவுத் தொகுப்பான ஒரு ஸ்ட்ரக்சரைக் கெர்னல் அதற்குக் கொடுக்கிறது. அந்த ஸ்ட்ரக்சரில் 16ஆம் பைட்டிலிருந்து, வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை வைக்கப்பட்டிருக்கிறது. டிரைவரைக் கம்பைல் செய்யும்போது, எண்ணிக்கை என்ற பெயர் மறைந்து, தொடக்கத்திலிருந்து 16 பைட் தள்ளி இருப்பதை ஒன்று கூட்டு என்ற இயந்திரக் கட்டளையாக ஆகிவிடுகிறது. அடுத்த கெர்னல் பதிப்பில் ஒருவர் நல்ல காரணத்துக்காக அந்த ஸ்ட்ரக்சரின் தொடக்கத்தில் நினைவக முகவரி ஒன்றைத் தாங்கும் 8 பைட் அளவுள்ள ஒரு பாயிண்டரைச் சேர்க்கிறார். பின்னால் இருந்த எல்லா உறுப்புகளும் எட்டெட்டு பைட் நகர்கின்றன. எண்ணிக்கை இப்போது 24ஆம் பைட்டுக்குப் போய்விட்டது. முன்பு 8ஆம் பைட்டில் இருந்த வேறொரு பாயிண்டர் 16ஆம் பைட்டுக்கு வந்துவிட்டது.

மூலநிரலை, ஸ்ட்ரக்சர்களின் வடிவத்தை அறிவிக்கும் புதிய தலைப்புக் கோப்புகளுடன் மறுபடி கம்பைல் செய்தால் ஒரு சிக்கலும் இல்லை. பழைய கம்பைல் செய்த கோப்பை அப்படியே ஏற்றினால்தான் வினை. அது கேட்கும் செயற்கூறுகளின் பெயர்கள் அனைத்தும் கெர்னலில் இருக்கின்றன, ஆகவே இணைப்பு வெற்றிகரமாக முடிகிறது. பிறகு ஒவ்வொரு பாக்கெட் வரும்போதும் அந்த டிரைவர் ஒரு பாயிண்டரின் மதிப்பை ஒன்று கூட்டிக்கொண்டே போகிறது. கெர்னல் எப்போதோ அந்தப் பாயிண்டரைப் பின்பற்றிச் சென்று, தொடர்பே இல்லாத ஓரிடத்தில் விழுகிறது. அப்போது அச்சாகும் பெயர் வரிசையில் அந்த டிரைவரின் பெயரே இல்லாமலும் போகலாம். இது ஆள்மாறாட்டம்: பெயரைக் கேட்டு உள்ளே விட்டாயிற்று, வந்தவர் வேறு. கெர்னல் உலகில் இணக்கத்தைக் காப்பதற்காக உருவான உத்திகளில் பெரும்பாலானவை இந்த மௌனமான பிழையை, முன்னர் சொன்ன சத்தமான மறுப்பாக மாற்றும் முயற்சிகளே. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், தனித்தனியாகப் பார்க்கும்போது விசித்திரமாகத் தோன்றும் பல ஏற்பாடுகள் ஒரே வரிசையில் வந்து நிற்கும்.

பெயருக்கு ஒரு கைரேகை

அவற்றுள் மிக எளியது வெர்மேஜிக் என்ற சரம். ஒவ்வொரு மாட்யூலும் தான் எந்தக் கெர்னல் பதிப்புக்காக, பல செயலிகளைக் கையாளும் அமைப்பா இல்லையா போன்ற எந்தெந்த அடிப்படைத் தெரிவுகளுடன் கட்டமைக்கப்பட்டது என்பதை ஒரு வரியாகத் தன்னுள் வைத்திருக்கும். மாட்இன்ஃபோ கட்டளை அந்த வரியைக் காட்டும். ஓடும் கெர்னலின் வரியும் இதுவும் ஒன்றாக இல்லையென்றால் மாட்யூல் ஏற்றப்படாது. பாதுகாப்பானது, ஆனால் முரட்டுத்தனமானது. ஒரு சிறு பாதுகாப்புத் திருத்தத்தால் கெர்னலின் பதிப்பு எண் மாறினாலே எல்லா வெளி மாட்யூல்களையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டிவரும்.

இதைவிட நுட்பமானது, மாட்வெர்ஷன்ஸ் என்ற தெரிவு. கெர்னலைக் கட்டமைக்கும்போது ஜென்கேசிம்ஸ் என்ற கருவி, ஏற்றுமதியாகும் ஒவ்வொரு செயற்கூறின் அறிவிப்பையும் படிக்கிறது. அது என்ன திருப்பித் தருகிறது, அழைப்பவர் தரும் மதிப்புகளாகிய அளபுருக்களில் எத்தகையவற்றை ஏற்கிறது, அந்த அளபுருக்களில் ஸ்ட்ரக்சர் இருந்தால் அதன் உறுப்புகள் எவை, அந்த உறுப்புகளுக்குள் இன்னொரு ஸ்ட்ரக்சர் இருந்தால் அதற்குள் என்ன என்று அடிவரை விரித்துக்கொண்டே போய், கிடைத்த மொத்த விவரிப்பையும் சிஆர்சி எனப்படும் 32 பிட் சரிபார்ப்பு எண்ணாகச் சுருக்குகிறது. அந்த எண் சிம்பலின் பெயரோடு சேர்த்து வைக்கப்படுகிறது, மாட்யூல்.சிம்வெர்ஸ் என்ற உரைக்கோப்பிலும் எழுதப்படுகிறது. மாட்யூலைக் கட்டமைக்கும்போது, மாட்போஸ்ட் என்ற கருவி அந்தக் கோப்பைப் பார்த்து, மாட்யூல் பயன்படுத்தும் ஒவ்வொரு பெயருக்கும் உரிய எண்ணை மாட்யூலுக்குள் பதித்துவிடும். ஏற்றும் நேரத்தில் கெர்னல் இரண்டு எண்களையும் ஒப்பிடுகிறது. நம் நெட்வொர்க் டிரைவர் இந்தக் கெர்னலில் ஏற முயன்றால், பதிவு செய்யும் செயற்கூறின் அளபுருவில் அந்த ஸ்ட்ரக்சர் இருப்பதால் எண் மாறியிருக்கும். சிம்பலின் பதிப்பு ஒத்துப்போகவில்லை என்ற செய்தியுடன் வாசலிலேயே நிறுத்தப்படும். இந்த எண்கள் இருக்கும்போது வெர்மேஜிக் வரியில் உள்ள பதிப்பு எண்ணைக் கெர்னல் பொருட்படுத்துவதில்லை. கைரேகை ஒத்துப்போனால் பதிப்பு வேறானாலும் உள்ளே வரலாம் என்பது பொருள்.

இந்தக் கைரேகை முறை குறையற்றது என்று சொல்லிவிட முடியாது. ஒரு ஸ்ட்ரக்சரின் பெயர் மட்டும் அறிவிக்கப்பட்டு அதன் உள்ளடக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஜென்கேசிம்ஸ் அதை அறியாத வகை என்றே கணக்கில் கொள்ளும். யாராவது அந்த மூலக்கோப்பில் ஒரு தலைப்புக் கோப்பைக் கூடுதலாகச் சேர்த்தால் உள்ளடக்கம் தெரியவந்து எண் மாறிவிடும். நினைவகத்தில் ஒரு பைட் கூட நகர்ந்திருக்காது. லினக்ஸைத் தொகுத்து வழங்கும் வணிக விநியோகங்களின் கெர்னல் மூலநிரலில், சில வரிகளை ஜென்கேசிம்ஸின் பார்வையிலிருந்து மட்டும் மறைக்கும் நிபந்தனைகள் ஆங்காங்கே தென்படுவதற்கு இதுவே காரணம். மேலும், அந்தக் கருவி சி மூலநிரலைப் படிக்கத் தெரிந்தது. ரஸ்ட் மொழியில் எழுதிய பகுதிகள் கெர்னலுக்குள் வந்தபின் அது போதவில்லை. 2025இல் வெளியான 6.14 பதிப்பு, மூலநிரலுக்குப் பதிலாகக் கம்பைலர் உருவாக்கும் பிழைதிருத்தத் தகவலிலிருந்து அதே எண்ணைக் கணக்கிடும் மாற்றுக் கருவியைச் சேர்த்தது. ரஸ்ட் சிம்பல்களின் பெயர்கள் சி பெயர்களைவிட வெகு நீளமானவை என்பதால், 2022இன் 6.1 பதிப்பிலேயே பெயருக்கான உச்சநீளத்தை 128இலிருந்து 512 ஆக உயர்த்தவும் வேண்டியிருந்தது.

வாக்குறுதி கொடுக்காத கெர்னலும், கொடுத்தவர்களும்

லினக்ஸ் கெர்னலின் மூலத் திட்டம், மாட்யூல்களுக்கான உள் இடைமுகம் நிலையாக இருக்கும் என்று ஒருபோதும் வாக்களிப்பதில்லை. கெர்னலின் ஆவணங்களிலேயே அது வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு செயற்கூறின் வடிவத்தை மாற்றுபவர், மரம் எனப்படும் கெர்னலின் மூலநிரல் தொகுப்பில் அதை அழைக்கும் எல்லா இடங்களையும் தானே திருத்த வேண்டும். மரத்துக்கு வெளியே இருக்கும் டிரைவர்களைப் பற்றி அவருக்குக் கடமை இல்லை. எனக்கு இது கறாராகத் தோன்றினாலும் நேர்மையான நிலைப்பாடாகவே படுகிறது. நிலையான உள் இடைமுகம் என்பது, பழைய பிழையான வடிவங்களையும் என்றென்றைக்கும் சுமந்துகொண்டிருப்பது. அதன் செலவைச் சுமப்பவர்கள் பராமரிப்பாளர்கள், பலனைப் பெறுபவர்கள் மூலநிரலைத் தர விரும்பாதவர்கள்.

இருப்பினும் நடைமுறையில் அந்த வாக்குறுதியைக் கொடுத்தே ஆக வேண்டியவர்கள் உண்டு. ரெட் ஹாட் தன் நிறுவன லினக்ஸின் ஒரு பெரும்பதிப்பு முழுவதற்கும், குறிப்பிட்ட ஒரு பட்டியலில் உள்ள சிம்பல்கள் மாறாது என்று உறுதியளிக்கிறது. ஆண்ட்ராய்டு, 12ஆம் பதிப்பும் 5.10 கெர்னலும் தொடங்கி, எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான ஒரு கெர்னலையும், அவரவர் டிரைவர்களைத் தனி மாட்யூல்களாகவும் வைக்கும் ஏற்பாட்டுக்கு மாறியது. பொதுக் கெர்னலைத் தனியே புதுப்பிக்க வேண்டுமென்றால் இடையிலுள்ள சிம்பல்கள் உறைந்து நிற்க வேண்டும். உறைந்த இடைமுகத்திலும் பாதுகாப்புத் திருத்தங்கள் ஸ்ட்ரக்சர்களில் புதிய உறுப்புகளைக் கேட்கும். அதற்காக முக்கியமான ஸ்ட்ரக்சர்களின் இறுதியில் பயன்படாத 64 பிட் இடங்கள் சிலவற்றை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கிறார்கள். பிற்பாடு தேவை வந்தால் அந்த வெற்றிடம் புதிய உறுப்பாக மாறும். மற்ற உறுப்புகள் நகரா, ஸ்ட்ரக்சரின் மொத்த அளவும் மாறாது. ஒதுக்கிய இடங்கள் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு நல்ல விடை எதுவும் இல்லை.

பயனர் நிரல்களின் எல்லை

உள் இடைமுகத்தில் இவ்வளவு தாராளமாக உடைத்துக்கொள்ளும் லினக்ஸ், வெளி எல்லையில் நேர்மாறாக நடந்துகொள்கிறது. பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது அங்கே முதல் விதி. 2012 டிசம்பரில், ஓர் அழைப்பு திருப்பித் தரும் பிழை எண் மாறியதால் பயனர் நிரல்கள் பாதிக்கப்பட்டபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகக் கடுமையான சொற்களில் அந்த விதியை நினைவூட்டினார். நிரலில்தான் தவறு என்று வாதிட அங்கே இடம் இல்லை.

இந்த எல்லையில் பெயர்கள் கிடையா. பயனர் நிரல் கெர்னலை அழைப்பது எண்ணால். 64 பிட் எக்ஸ்86 செயலிகளில் ரீட் என்னும் சிஸ்டம் காலின் எண் 0. அதே குடும்பத்தின் 32 பிட் அமைப்பில் அது 3. ஒருமுறை ஓர் எண் ஒதுக்கப்பட்டுவிட்டால் அது வேறு வேலைக்குத் தரப்படுவதில்லை. ஒரு சிஸ்டம் கால் நீக்கப்பட்டாலும் அதன் எண் காலியாகவே வைக்கப்பட்டு, அழைப்பவருக்கு இந்த வசதி இல்லை என்ற பிழை திருப்பித் தரப்படும். பெயர் இல்லாத எல்லை என்பதால் ஆள்மாறாட்டத்துக்கு இங்கே வாய்ப்பு இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். அது அளபுருக்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

கோப்புகளைத் திறக்கும் ஓப்பன் சிஸ்டம் கால் இதற்கு நல்ல சான்று. விருப்பங்களைக் குறிக்க அது ஏற்கும் ஃப்ளாக் பிட்டுகளில் தனக்குத் தெரியாதவற்றைக் கெர்னல் நெடுங்காலமாகக் கண்டுகொள்ளாமல் விட்டுவந்திருக்கிறது. இதனால் புதிய ஃப்ளாக் ஒன்றைச் சேர்த்தால், பழைய கெர்னலில் ஓடும் நிரல் அந்த ஃப்ளாக்கைக் கொடுத்துவிட்டு, அது நிறைவேறிவிட்டதாகத் தவறாக நம்பிவிடும். 2013இல் 3.11 பதிப்பில், அடைவுக்குள் பெயரில்லாத தற்காலிகக் கோப்பை உருவாக்கும் ஃப்ளாக் வந்தபோது இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டார்கள். புதிய ஃப்ளாக்கின் மதிப்புக்குள், திறக்கப்படுவது அடைவாகவே இருக்க வேண்டும் என்று சொல்லும் பழைய ஃப்ளாக்கின் பிட்டையும் சேர்த்துவிட்டார்கள். தற்காலிகக் கோப்பு எழுதுவதற்காகவே திறக்கப்படுவது. பழைய கெர்னல் புதிய பிட்டைப் புறக்கணித்தாலும், ஓர் அடைவை எழுதுவதற்காகத் திறக்கச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, முடியாது என்று மறுத்துவிடும். மௌனமான தவறு சத்தமான மறுப்பாக மாறிவிட்டது.

ஒவ்வொரு முறையும் இத்தகைய சாமர்த்தியத்தை நம்பியிருக்க முடியாது. ஆகவே 2020இல் 5.6 பதிப்பில் வந்த ஓப்பன்அட்2 என்ற புதிய சிஸ்டம் கால், தெரியாத பிட்டைக் கண்டால் உடனே பிழை தருமாறு எழுதப்பட்டது. தன் அளபுருக்களை அது ஒரு ஸ்ட்ரக்சராகப் பெற்றுக்கொள்கிறது. அந்த ஸ்ட்ரக்சரின் அளவையும் நிரல் கூடவே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அந்த அளவு 24 பைட். வருங்காலத்தில் இறுதியில் உறுப்புகள் சேர்ந்து அது 32 பைட் ஆனால், 24 மட்டும் அனுப்பும் பழைய நிரலுக்குக் கெர்னல் மீதி 8 பைட்டையும் சுழியமாக எடுத்துக்கொள்ளும். மாறாக, புதிய நிரல் 32 பைட்டைப் பழைய கெர்னலுக்கு அனுப்பினால், கெர்னல் தனக்குப் புரியாத 8 பைட்டும் சுழியமா என்று பார்க்கிறது. சுழியமென்றால் புதிய வசதி எதுவும் கேட்கப்படவில்லை என்று வேலையைத் தொடர்கிறது, இல்லையென்றால் மறுத்துவிடுகிறது. சுழியம் என்றால் பழைய நடத்தை என்ற ஒரே ஒப்பந்தத்தின் மேல் இரு திசை இணக்கமும் நிற்கிறது.

சில மாற்றங்களுக்குப் புதிய எண்களைத் தவிர வேறு வழியில்லை. 32 பிட் அமைப்புகளில் நேரத்தைக் குறிக்கும் எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழிந்துவிடும். நேர ஸ்ட்ரக்சரின் அளவை அப்படியே மாற்றினால் ஏற்கெனவே கம்பைல் ஆன நிரல்கள் அனைத்தும் கெட்டுவிடும் என்பதால், 2019இன் 5.1 பதிப்பில் 64 பிட் நேரத்துக்கெனத் தனி சிஸ்டம் கால்களைச் சேர்த்து, பழையவற்றையும் அவற்றின் இடத்தில் விட்டுவைத்தார்கள். இன்னொரு பக்கம், நிரல்கள் எதையெல்லாம் சார்ந்திருக்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2011இல் கெர்னல் எண் 2.6.39இலிருந்து 3.0க்குத் தாவியபோது, பதிப்பு எண் 2.6 என்றே தொடங்கும் என்று எண்ணி எழுதப்பட்ட நிரல்கள் தடுமாறின. அவற்றுக்காக, 3.0 என்பதை 2.6.40 என்று பொய் சொல்லும் ஒரு விருப்பத் தெரிவு கெர்னலில் சேர்க்கப்பட்டது. எந்த ஆவணமும் அந்த எண் மாறாது என்று வாக்களித்ததில்லை; ஆனால் நிரல்கள் அதை நம்பின, எனவே அதுவும் இடைமுகத்தின் பகுதியாகிவிட்டது.

பயனர் பக்கத்தில் பெயரால் அழைக்கப்படும் ஒரு சிறு பகுதியும் லினக்ஸ் கெர்னலிடம் இருப்பதைச் சொல்லாமல் விட முடியாது. நேரம் கேட்பது போன்ற அடிக்கடி நிகழும் அழைப்புகளை விரைவாக்க, விடிஎஸ்ஓ என்ற சிறு நூலகத்தைக் கெர்னல் ஒவ்வொரு நிரலின் நினைவகத்திலும் தானே வைத்துவிடுகிறது. அதற்கென்று முழுமையான சிம்பல் அட்டவணை உண்டு. ஒவ்வொரு பெயரோடும் ஒரு பதிப்புக் குறியும் ஒட்டியிருக்கும். பதிப்புக் குறி என்ன உதவி செய்யும் என்பதை குனு சி நூலகத்தில் தெளிவாகப் பார்க்கலாம். நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி செயற்கூறின் வேகமான வடிவம் வந்தபோது, ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதிகளை அதனிடம் கொடுத்துவந்த விதிமீறிய நிரல்கள் உடைந்தன. 2011இல் வெளியான 2.14 பதிப்பில், புதிதாக இணைக்கப்படும் நிரல்களுக்குப் புதுப் பதிப்புக் குறியுடன் வேகமான வடிவத்தையும், பழைய குறியைக் கேட்டு வரும் நிரல்களுக்கு அத்தகைய பகுதிகளைத் தாங்கும் வடிவத்தையும் தருமாறு அமைத்தார்கள். ஒரே பெயர், இரண்டு பொருள், ஆனால் யாருக்கு எது என்பது அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்பதில் மற்ற இயங்குதளங்கள் வேறு முடிவுகளை எடுத்திருக்கின்றன. விண்டோஸில் சிஸ்டம் கால் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அவற்றுக்கு மேலே உள்ள டிஎல்எல் நூலகங்களின் பெயர்களே நிலையானவை. மேக்ஓஎஸ்ஸிலும் அப்படித்தான். 2016இல் சியரா பதிப்பில் நேரம் கேட்கும் அழைப்பின் உள் வடிவம் மாறியபோது, கெர்னலை நேரடியாக அழைத்துவந்த கோ மொழி நிரல்கள் உடைந்தன. பின்னர் கோ தன் 1.11, 1.12 பதிப்புகளில் அமைப்பு நூலகத்தின் வழியாகவே அழைக்கும் முறைக்கு மாறியது. ஃப்ரீபிஎஸ்டி பழைய சிஸ்டம் கால்களைப் பதிப்பு எண் ஒட்டிய பெயர்களுடன் வைத்துக்கொண்டு, அவை வேண்டுமா வேண்டாமா என்பதைக் கெர்னலைக் கட்டமைப்பவரின் தெரிவுக்கு விடுகிறது. 12.0 பதிப்பில், கோப்புகளை அடையாளம் காட்டும் ஐநோடு எண்கள் 64 பிட்டுக்கு மாறியபோது, 11ஆம் பதிப்பின் அழைப்புகள் அந்த வழியில்தான் உயிரோடு வைக்கப்பட்டன.

கைரேகைக்கு எட்டாதவை

வடிவம் அப்படியே இருந்து விதி மட்டும் மாறினால், இதுவரை சொன்ன எந்தக் கருவியும் அதைக் காணாது. நேற்றுவரை ஒரு செயற்கூறு, ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் காக்கும் பூட்டைத் தானே எடுத்துக்கொண்டது. இன்று முதல் அழைப்பவர் பூட்டை எடுத்துவிட்டுத்தான் அழைக்க வேண்டும். அளபுருக்கள் மாறவில்லை, சிஆர்சி எண்ணும் மாறவில்லை, பழைய டிரைவர் கம்பைல் ஆகவும் செய்யும். இந்த இடத்தில் மனிதர்களின் நல்லெண்ணமே கருவி. அனுபவமுள்ள கெர்னல் நிரலாளர் ஒருவர் ஒரு செயற்கூறின் பொருளை மாற்றும்போது அதன் பெயரையோ அளபுருக்களின் வரிசையையோ சேர்த்து மாற்றிவிடுவார். பழைய விதியை நம்பிய நிரல் கம்பைல் ஆகும்போதே உடைந்து நிற்கட்டும் என்பது நோக்கம். குறித்த நேரம் வந்ததும் டைமர் அழைக்கும் செயற்கூறு எதைப் பெற்றுக்கொள்ளும் என்பது மாறியபோது, டைமரைத் தயார்செய்யும் செயற்கூறே புதுப் பெயருடன் வந்தது, 4.15 பதிப்பில் பழைய பெயர்கள் நீக்கப்பட்டன. அந்தச் சமயத்தில் மரத்துக்கு வெளியே டிரைவர் வைத்திருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களுடைய டிரைவர்கள் தவறான முகவரியை எழுதவில்லை.

உங்கள் கணினியில் ஒரு மாட்யூல் ஏற மறுத்தால், பதிவேட்டில் உள்ள செய்தியை முதலில் படியுங்கள். அறியாத சிம்பல் என்றால், அந்தப் பெயரை வெளியிடும் வேறொரு மாட்யூல் இன்னும் ஏற்றப்படாமல் இருக்கலாம். மாட்ப்ரோப் கட்டளை சார்புகளைத் தானே பார்த்து ஏற்றும், இன்ஸ்மாட் அதைச் செய்யாது. அந்தப் பெயரை யாருமே வெளியிடவில்லை என்றால், கால்சிம்ஸ் கோப்பில் பெயர் இருந்தாலும் பயனில்லை. பதிப்பு ஒத்துப்போகவில்லை என்ற செய்தி வந்தால், ஓடும் கெர்னலுக்கு உரிய தலைப்புக் கோப்புகளுடனும் மாட்யூல்.சிம்வெர்ஸ் கோப்புடனும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். மாட்ப்ரோப்பில் இந்தச் சோதனைகளைத் தாண்டி வலுக்கட்டாயமாக ஏற்றும் ஒரு தெரிவும் இருக்கிறது. அது செய்வதெல்லாம் மாட்யூலில் உள்ள கைரேகைகளை அழித்துவிட்டு ஏற்றுவதுதான். அதற்கு அனுமதிக்குமாறு கட்டமைக்கப்பட்ட கெர்னல் மாட்யூலை ஏற்றிக்கொள்ளும். கூடவே, வலுக்கட்டாயமாக ஏற்றப்பட்ட மாட்யூல் உள்ளே இருக்கிறது என்பதற்கு எஃப் என்ற அடையாளத்தைத் தன்மேல் குறித்துக்கொள்ளும். மாட்யூலை இறக்கினாலும் அந்த அடையாளம் போகாது. கணினியை மறுபடி தொடங்கும்வரை, அந்தக் கெர்னல் அச்சிடும் ஒவ்வொரு பிழை அறிக்கையிலும் அது இருக்கும்.